ஞாயிற்றுக்கிழமை யாரும் பாப்பாவைப் பார்க்க வர வேண்டாம்

குழு: நம்ம வீட்டார்

வியாழன் காலை

நித்யா: மாலதி அத்தை, ஃப்ரீயா? கவினுக்கு முந்தாநாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்று காலையில் பார்த்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளம். படம் போடுகிறேன், பாருங்கள்.

நித்யா: [படம்] [படம்]

அம்மா: அம்மைதான். பார்த்ததுமே சொன்னேன், நித்யாதான் கேட்கவில்லை.

மாலதி அத்தை: இப்போதுதான் நைட் டியூட்டி முடிந்தது. அண்ணி, எனக்கு அம்மை மாதிரி தெரியவில்லை. நித்யா, அவன் சொறிகிறானா? நெஞ்சு, முதுகில் ஏதாவது இருக்கிறதா? வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்.

நித்யா: சொறியவே இல்லை. முதுகில் ஒன்றும் இல்லை. முழங்காலில் நாலைந்து, பின்புறத்தில் கொஞ்சம். நாக்கு ஓரத்தில் நடுவே வெள்ளையாகவும் சுற்றிச் சிவப்பாகவும் புண். தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் தெரியாமல் அழுகிறான்.

மாலதி அத்தை: பாவம். சின்னம்மை பெரும்பாலும் உடம்பில் தொடங்கும், நன்றாக அரிக்கும். இது கை கால் வாய் நோய் போலத்தான் இருக்கிறது. ஆனால் படம் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, இன்றே குழந்தை டாக்டரிடம் காட்டிவிடு. பிளே ஸ்கூலில் யாருக்காவது இருந்ததா?

நித்யா: போன வாரம் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ‘வைரல்’ என்று மிஸ் சொன்னார், அவ்வளவுதான்.

மாலதி அத்தை: கணக்குச் சரியாக வருகிறது. தொற்றியபின் 3 முதல் 6 நாளில் காய்ச்சல், அப்புறம் ஓரிரு நாளில் புண்ணும் கொப்புளமும்.

சுந்தரம் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) ‘எச்சரிக்கை!! மாட்டுக்கு வரும் கோமாரி இப்போது குழந்தைகளுக்கு! தக்காளிக் காய்ச்சல் என்னும் புதிய வைரஸ்! பால் கொடுக்காதீர்! அனைவருக்கும் பகிரவும்!’

கார்த்திக்: மாமா, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா?

மாலதி அத்தை: அண்ணா, இதில் ஒரு வரிகூடச் சரியில்லை. கோமாரி வைரஸ் வேறு, இது வேறு. மாட்டிலிருந்து வருவதும் இல்லை, பாலுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. 2022இல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசினார்களே, அதைச் சோதித்துப் பார்த்தபோதும் இதே கை கால் வாய் நோய் வகை என்றுதான் தெரிந்தது. பெரும்பாலும் காக்சாக்கி ஏ16, ஏ6 மாதிரி வைரஸ்களால் வருவது. எல்லாமே என்டரோவைரஸ் கூட்டம். போலியோ வைரஸும் அந்தக் கூட்டம்தான்.

அம்மா: ஐயோ, போலியோவா? கவினுக்குச் சொட்டு மருந்து ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறதே!

மாலதி அத்தை: அதனால்தான் அண்ணி போலியோ பயம் இல்லை. ஆனால் அந்தச் சொட்டு போலியோவை மட்டும்தான் தடுக்கும், கூட்டாளிகளை இல்லை.

வியாழன் மாலை

நித்யா: டாக்டரும் அதேதான் சொன்னார். எடை பார்த்துப் பாராசிட்டமால் மட்டும் எழுதினார். ஏழு முதல் பத்து நாளில் சரியாகிவிடுமாம்.

சுந்தரம் மாமா: ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லையா? என்ன டாக்டர் அவர்?

மாலதி அத்தை: நல்ல டாக்டர் அண்ணா. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. வீட்டில் ஆஸ்பிரின் இருந்தால் அதையும் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆகாது. வாயில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லும் வேண்டாம்.

நித்யா: மருந்து பிரச்சினையே இல்லை அத்தை. குடிக்க வைப்பதுதான். மத்தியானத்திலிருந்து அரை டம்ளர்கூடப் போகவில்லை.

மாலதி அத்தை: எங்கள் வார்டில் இந்த நோயோடு அட்மிட் ஆகிற பிள்ளைகளில் அதிகம் பேர் வாய்ப்புண்ணால் குடிக்காமல் நீர் வற்றி வருகிறவர்கள்தான். அதனால் இப்படிச் செய். முதலில் பாராசிட்டமால் கொடு. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் விட்டு, வலி கொஞ்சம் அடங்கும்போது கொடுக்கத் தொடங்கு. சூடாக எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த பால். ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற புளிப்பெல்லாம் எரியும். டம்ளரை வாயில் வைத்தாலே பயப்படுவான், ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி எடுத்துக் கன்னத்துப் பக்கமாக மெல்ல விடு. சில நிமிடத்துக்கு ஒரு முறை. சாப்பிடவில்லை என்று இரண்டு நாளைக்குக் கவலைப்படாதே, குடித்தால் போதும். ஒன்றுக்குப் போகிறானா என்று மட்டும் கவனித்துக்கொள்.

நித்யா: காலையில் போனான். அப்புறம் இல்லை.

மாலதி அத்தை: இப்போதே தொடங்கு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் போகவில்லை என்றால் எனக்கு போன் செய், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

நித்யா: (எட்டரை மணிக்கு) போனான்! சிரிஞ்சை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன், அவனே அழுத்திக் குடிக்கிறான்.

கார்த்திக்: மருமகன் கெட்டிக்காரன்.

வெள்ளி

அம்மா: இன்று காய்ச்சல் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியா வீட்டுக்குப் போகிறதாக இருந்தோமே, கவினை நித்யாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பாப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பிரியா: வாம்மா. உனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.

மாலதி அத்தை: அண்ணி, வேண்டாம். யாருமே போகாதீர்கள்.

அம்மா: எனக்கு ஒன்றும் இல்லையே மாலதி. கையெல்லாம் சானிடைசர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாலதி அத்தை: அங்கேதான் சிக்கல். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது, சானிடைசர் இதன் மேல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். கவினுக்கு ஒன்றுக்கு இரண்டுக்குக் கழுவிவிடுவது, எச்சில் துடைப்பது எல்லாம் நீங்கள்தான். பெரியவர்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லாமலே தொற்றியிருக்கலாம். மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அம்மா: கவினே எழுந்து விளையாடுகிறான். அதே காய்ச்சல்தானே, பாப்பாவுக்கு வந்தாலும் போய்விடாதா?

மாலதி அத்தை: மூன்று வயதுப் பிள்ளையும் பிறந்து இரண்டு வாரம் ஆகாத பிள்ளையும் ஒன்றில்லை அண்ணி. கவினுக்குத் தோலோடும் வாயோடும் நிற்பது, பச்சைக்குழந்தைக்கு ஈரல், இதயம், மூளை என்று போய்விடலாம். பிரான்சில் 2022–23இல் எக்கோவைரஸ் 11 என்ற இதே கூட்டத்து வைரஸ் 9 பச்சைக்குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கி, 7 பேர் இறந்துபோனார்கள். பிரியா படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அரிதுதான். ஆனால் போகாமல் இருந்தாலே தவிர்த்துவிடக்கூடியது.

பிரியா: அத்தை, கை நடுங்குகிறது.

மாலதி அத்தை: பிரியா கண்ணு, உன் பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. கவின் பக்கத்தில் யாரும் போய்விட்டு உன்னிடம் வரவில்லை. தாய்ப்பால் கொடு, தூக்குகிறவர்கள் சோப்புப் போட்டுக் கழுவட்டும், முத்தம் வேண்டாம். உடம்பு சுட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக ஜில்லென்று இருந்தாலோ, பால் குடிக்க மறுத்து மந்தமாகக் கிடந்தாலோ மட்டும், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரி. அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) என்றாலே வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அம்மா: அப்படியென்றால் நான் எப்போதுதான் பேத்தியைத் தூக்குவது?

மாலதி அத்தை: கவினுக்குக் கொப்புளமெல்லாம் காய்ந்து, உங்களுக்கும் ஒன்றும் வராமல், இரண்டு மூன்று வாரமாவது போகட்டும். அதற்குமுன் பாப்பாவின் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். இந்த ஞாயிறு நான் லீவு போட்டுப் பிரியாவிடம் ராத்திரி இருக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் நானே அந்த வார்டில் இருப்பவள். கார்த்திக், நீதான் கவின் பக்கம் போகாதவன், நீ போ.

கார்த்திக்: நானா? டயப்பர் மாற்றக்கூடத் தெரியாதே.

பிரியா: நீ வாடா. நான் சொல்லித்தருகிறேன்.

அம்மா: சரி. வீடியோ காலில் காட்டு.

வெள்ளி இரவு

கார்த்திக்: அத்தை, நெட்டில் ஏ71 என்று ஒன்று போட்டிருக்கிறது. தைவானில் 1998இல் 78 பேர் இறந்ததாக. அதுவும் கை கால் வாய் நோய்தானாமே. அக்காவிடம் கேட்கவில்லை, பயந்துவிடுவாள்.

நித்யா: நானும் குழுவில்தான் இருக்கிறேன் கார்த்திக்.

மாலதி அத்தை: அது உண்மைதான், என்டரோவைரஸ் ஏ71. அந்த ஆண்டு நோய் வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல், அதையும் சேர்த்துப் படி. ஏ71 சிலருக்கு மூளைத்தண்டைத் தாக்கும். சீனாவில் அதற்கென்று தடுப்பூசி இருக்கிறது, மற்ற வகைகளுக்கு அது உதவாது. நித்யா, கவினிடம் இதைக் கவனி: தூங்கும்போது திடீர் திடீரென்று உடம்பு தூக்கிப்போடுகிறதா, நடக்கையில் தள்ளாடுகிறானா, கை காலில் பலம் குறைகிறதா, ஓயாமல் வாந்தியா, மூச்சு வாங்குகிறதா, கை கால் சில்லிட்டு வியர்க்கிறதா, எழுப்பினால் சரியாக விழிக்கிறானா. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றாலும்தான். இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்பு.

நித்யா: எதுவும் இல்லை. தம்பி மாமாவோடு போனில் பேச வேண்டும் என்று அழுதுகொண்டிருக்கிறான்.

மாலதி அத்தை: அந்த அழுகை நல்ல அழுகை.

ஐந்து வாரம் கழித்து

நித்யா: [படம்] அத்தை, கவின் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பிரிந்து வருகிறது! வலி இல்லை என்கிறான்.

சுந்தரம் மாமா: கால்சியம் குறைவு.

மாலதி அத்தை: இல்லை அண்ணா. இந்த நோய் வந்துபோய் ஒன்றிரண்டு மாதத்தில் சில பிள்ளைகளுக்கு நகம் இப்படி விழும், காக்சாக்கி ஏ6இல் கொஞ்சம் அதிகம். அடியில் புது நகம் வரும். நித்யா, பிய்த்து எடுக்காதே, துணியில் மாட்டாமல் ஓரத்தை வெட்டிவிடு.

நித்யா: அப்பாடா. அப்போ இனி இந்த நோய் அவனுக்கு வராதுதானே?

மாலதி அத்தை: இதே வைரஸ் என்றால் வராது என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் மற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வரலாம்.

சுந்தரம் மாமா: இதை மற்ற குழுக்களுக்கும் அனுப்பட்டுமா?

மாலதி அத்தை: இதை அனுப்புங்கள் அண்ணா.