கேம் ஆஃப் த்ரோன்ஸ்: படித்தது ஒன்று, பார்த்தது ஒன்று. உங்களுக்கு இடறிய இடம் எது?

ஒரு வேண்டுகோளோடு ஆரம்பிக்கிறேன். நாவல் உசத்தியா, தொடர் உசத்தியா என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். அதைப் பேசிப் பேசி, தொடர் முடிந்த 2019-லேயே எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. இரண்டையும் தொட்டவர்கள், எந்த இடத்தில் "அட, இது அப்படி இல்லையே" என்று நின்றீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள். கதை முழுக்க உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள், படிக்காதவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடுவது நல்லது.

முதலில் என் கதை. நான் தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனவன். முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் ஸ்டார்க் குடும்பத் தலைவர் நெட் ஸ்டார்க்கின் தலை போகும் என்று தெரிந்தேதான் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையின் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். 1996-இல் வந்தது. அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ஆளின் பெயர்தான் தலைப்பு. அந்த ஆள் கண்ணில் பட்டதும் மனதில் ஓடியதும் மட்டுமே நமக்குக் கிடைக்கும். முன்கதையை விட்டுவிட்டால் மொத்தம் எட்டுப் பேர். நெட்டுக்குத்தான் அதிகம், 15 அத்தியாயங்கள். பதினைந்து முறை ஒருவர் தலைக்குள் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறோம், அந்தத் தலை நிலைக்காது என்று தெரிந்துகொண்டே. புதிதாகப் படித்தவர்களுக்கு வந்த அதிர்ச்சி எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, பக்கத்துக்குப் பக்கம் ஒரு கனம் ஏறிக்கொண்டே வந்தது.

ஆனால் இடறியது அங்கே இல்லை. அவருடைய கடைசி அத்தியாயம் இருட்டுச் சிறையில் நடக்கிறது. அரசவை ஒற்றர் தலைவன் வாரிஸ் வந்து பேசிவிட்டு, மகள் சான்ஸாவின் உயிரை ஒரு கேள்வியாக முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். நெட் என்ன முடிவெடுத்தார் என்று சொல்லாமலே அத்தியாயம் நின்றுவிடுகிறது. அப்புறம் அவரை நாம் பார்ப்பது சின்ன மகள் ஆர்யாவின் கண் வழியாக, கூட்டத்துக்கு நடுவில், எட்ட இருந்து. வாள் இறங்குவது தெரியாது. நெட்டுக்குத் தெரிந்த யோரன் என்பவன் அவளைப் பார்க்க விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான். ஊரே ஒன்றாக மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். தொடரில் நெட் சிலையடியில் நிற்கும் மகளைப் பார்த்துவிடுகிறார். போகிற போக்கில் "பெய்லர்" என்று அந்தச் சிலையின் பெயரை மட்டும் யோரனிடம் சொல்கிறார், அதுதான் அவளைக் காப்பாற்றுகிறது. நாவலில் அவர் மகளைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. யோரன் தானாகத்தான் அவளைக் கண்டுபிடிக்கிறான். தொடர் அந்த அப்பாவுக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்து அனுப்பிவைத்தது. நாவல் அதைக்கூடக் கொடுக்கவில்லை. இதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா திரிந்தேன்.

* * *

நான் எதிர்த் திசையில் வந்தவள். மூன்று புத்தகங்களை முடித்துவிட்டுத்தான் தொடர் பார்த்தேன். 2013 ஜூனில், நெட்டின் மூத்த மகன் ராபையும் அவன் ஆட்களையும் கல்யாண விருந்தில் வெட்டிச் சாய்க்கும் அந்தச் சிவப்புக் கல்யாண எபிசோட் வந்தபோது விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரு மடிக்கணினி முன்னால் இருந்தோம். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நான் திரையைப் பார்க்கவே இல்லை, தோழிகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது எபிசோடாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கூலி அன்று கிடைக்கும் என்று ஒரு குரூர சந்தோஷம்.

திடீரென்று ஒருத்தி அலறினாள். சரி, ராப் போய்விட்டான் என்று திரும்பினால், கத்தி இறங்கியது ராபின் மனைவி டலீசாவின் வயிற்றில். கர்ப்பிணிப் பெண். இது எனக்கே தெரியாது! நாவலில் அவன் மனைவி அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை. டலீசா என்று ஒரு ஆளே நாவலில் கிடையாது. அங்கே இருப்பவள் ஜெய்ன் வெஸ்டர்லிங். எல்லாம் தெரிந்தவள் என்று உட்கார்ந்திருந்த நானும் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் பெயர்கள் ஓடும்போது இசையையும் நிறுத்திவிட்டார்கள். விடுதி மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரம் அது பெரிய வெற்றி என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து யோசித்தபோதுதான் என்ன கைமாறிப் போனது என்று புரிந்தது. நாவலில் ராப் காயம்பட்டுக் கிடக்கிறான். தம்பிகள் இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. அந்தத் துக்கத்தில் ஜெய்னோடு ஒரு ராத்திரி. மறுநாள், அவள் மானம் போகக் கூடாது என்று, வேறு வீட்டுப் பெண்ணைக் கட்டுவதாகக் கொடுத்திருந்த வாக்கை மீறிக் கல்யாணம் செய்துகொள்கிறான். அதாவது அப்பா நெட் என்ன செய்திருப்பாரோ அதையே மகனும் செய்து, அதனாலேயே சாகிறான். வயது 16. தொடரில் அது காதல் கல்யாணம். காதலுக்காக வாக்குத் தவறியவன் செத்தான் என்றால் "ஐயோ பாவம்" என்போம். மானத்துக்காக வாக்குத் தவறியவன் செத்தான் என்றால் என்ன சொல்வதென்றே தெரியாது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாவலில் அந்த விருந்து ராபின் அம்மா கேட்லினின் அத்தியாயம். பாட்டுக்காரர்கள் இவ்வளவு மோசமாக வாசிக்கிறார்களே என்று அவள் எரிச்சல்படுகிறாள். நாமும் அதை ஒரு அம்மாவின் சலிப்பாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். அவர்கள் வில்லாளிகள் என்று தெரியும்போது நேரம் தாண்டிவிடுகிறது.

* * *

என்னுடையது சின்ன விஷயம். லானிஸ்டர் வீட்டுக் குள்ளன் டிரியனுக்குத் தொடரில் மூக்கு இருக்கிறது! பிளாக்வாட்டர் போரில் நாவலின் டிரியனுக்கு மூக்கில் பெரும்பகுதி போய்விடும். தொடரில் ஒரு தழும்போடு விட்டுவிட்டார்கள். ஒரு கண் பச்சை, ஒரு கண் கறுப்பு என்பதும் இல்லை. டிராகன்களை வளர்க்கும் டெனேரிஸுக்கு ஊதாக் கண்ணும் இல்லை. பார்ப்பவர்களுக்கு நடிகரின் முகம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நாவலில் டிரியனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது தொடர் பார்த்தவர்களுக்குப் புரியவே புரியாது.

* * *

மூக்கை விடுங்கள் தம்பி, டைஷாவை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. முதல் சீசனில் கூடாரத்துக்குள் டிரியன் அந்தக் கதையைச் சொல்வான், நினைவிருக்கிறதா? சின்ன வயதில் ஒரு பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான், அவள் காசு கொடுத்து ஏற்பாடு செய்தவள் என்று அண்ணன் ஜேமியே பிறகு சொன்னான், அப்பா டைவின் அவளைப் படைவீரர்களிடம் விட்டார் என்று. மூன்றாவது புத்தகத்தின் கடைசியில், சிறையிலிருந்து டிரியனை விடுவிக்கும்போது ஜேமி உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவள் விலைக்கு வந்தவள் இல்லை, நிஜமாகவே அவனை விரும்பியவள். அப்பா சொல்லித்தான் பொய் சொன்னேன் என்கிறான். அந்த நொடியில் அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகிறது. டிரியன் அப்பாவைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

தொடரில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிகிறார்கள். அப்புறம் டிரியன் அப்பா அறைக்குப் போகிறான். ஏன் போகிறான் என்று என் மனைவி கேட்டாள், அவள் நாவல் படிக்கவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் சீசனில் விதை போட்டுவிட்டு நாலாவது சீசனில் அறுக்க மறந்துவிட்டார்கள். இதற்குப் பிறகு வந்த டிரியன் ஏன் நல்ல பிள்ளையாகவே வலம் வந்தான் என்பதற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஐந்தாவது புத்தகத்தில் வரும் டிரியனோடு அரை மணி நேரம் ஒரே படகில் போக முடியாது, அவ்வளவு கசப்பு.

* * *

மேலே இருப்பவர்கள் எல்லோரும் நாவல் பக்கமே சாய்வதால் நான் மறுபக்கம் வந்து உட்காருகிறேன். ஹாரன்ஹால் கோட்டையில் ஆர்யா டைவினுக்கு மது ஊற்றும் பெண்ணாக இருப்பாளே, இரண்டாவது சீசனில்? நாவலில் அது கிடையாது. அங்கே அவள் ஊற்றிக் கொடுப்பது ரூஸ் போல்டனுக்கு. கிழச் சிங்கமும் ஓநாய்க் குட்டியும் ஒரே அறையில், குட்டி யார் என்று சிங்கத்துக்குத் தெரியாமல், அதுவும் சார்லஸ் டான்ஸும் மெய்சி வில்லியம்ஸும் நடித்து. எழுதியவருக்கே இது தோன்றாமல் போனதே என்று எனக்குத் தோன்றியது.

முதல் சீசன் ஐந்தாவது எபிசோடில் ராஜா ராபர்ட்டும் ராணி செர்சியும் தனியாக உட்கார்ந்து, எப்போதாவது நமக்குள் ஏதாவது இருந்ததா என்று பேசிக்கொள்வதும் அப்படித்தான். ராபர்ட்டுக்கு நாவலில் அத்தியாயமே கிடையாது, செர்சிக்கு நாலாவது புத்தகத்தில்தான் வருகிறது. அதனால் முதல் புத்தகத்தில் அந்த அறைக்குள் நுழைய வாசகருக்கு வழியில்லை. கேமராவுக்குச் சாவி தேவையில்லை, நேராக உள்ளே போய்விட்டது. டைஷா அண்ணனுக்கு நான் சொல்வது: இழந்ததை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்ததையும் ஒரு ஓரமாக எழுதிவையுங்கள்.

* * *

எனக்கு இடறியது, ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த தியான். தொடர் பார்த்தவர்கள் மூன்றாவது சீசன் முழுக்க அவன் சித்திரவதைப்படுவதைப் பார்த்தார்கள். பல நாள் நான் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன். நாவலிலோ இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு அவன் காணாமல் போகிறான். மூன்றிலும் நான்கிலும் அவன் பெயரில் ஓர் அத்தியாயம் இல்லை. ஐந்தாவது புத்தகத்தில் "ரீக்" என்று ஒரு தலைப்பு. எலியைப் பச்சையாகத் தின்கிற ஒரு கிழட்டு ஜீவன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் இது யார் என்று வயிற்றில் பிசைகிறது. அந்தக் காலத்து வாசகர்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி. இரண்டாவது புத்தகம் 1998, ஐந்தாவது 2011. பிறகு தலைப்புகளே மாறிக்கொண்டு வரும். கடைசியில் ஒரு நாள் தலைப்பில் "தியான்" என்று வரும்போது நான் புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டேன். சித்திரவதையைக் காட்டாமலே இதைச் செய்ய முடிகிறது.

அந்தக் கதையிலேயே இன்னொரு பெண் இருக்கிறாள். ஜெய்ன் பூல், ஸ்டார்க்குகளின் விண்டர்ஃபெல் கோட்டை மேலாளரின் மகள், சான்ஸாவின் சிநேகிதி. அவளை ஆர்யா என்று சொல்லி, தியானைச் சித்திரவதை செய்த ராம்சேவுக்குக் கட்டிவைக்கிறார்கள். தொடரில் அந்த இடத்தில் சான்ஸாவையே கொண்டுபோய் நிறுத்தினார்கள், 2015-இல் அதற்கு எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். காரணம் விளங்குகிறது. நாலு சீசனாகத் தெரிந்த முகம் இருக்கும்போது யாருக்கும் தெரியாத ஒருத்திக்காக யார் அழுவார்கள்? ஆனால் நாவல் கேட்பதே அதைத்தான். ஸ்டார்க் பெண் என்று நினைத்துக்கொண்டு வடக்கு முழுதும் அவளுக்காகக் கொதிக்கிறது. மேலாளர் மகள் என்று தெரிந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அவளுக்கும் இது தெரியும். தொடரில் சான்ஸாவை வைத்ததும் அந்தக் கேள்வி காணாமலே போய்விட்டது.

* * *

படித்தவர்கள் எல்லாம் ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம், 2016-ஐ மறந்துவிட்டீர்களா? அந்த ஜனவரியில் மார்ட்டின் தன் வலைப்பதிவில், ஆறாவது புத்தகம் புது சீசனுக்கு முன்னால் வராது என்று எழுதிவிட்டார். அதுவரை ஐந்து வருஷம் "எனக்குத் தெரியுமே" என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவன் நான். அந்த வருஷம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகம் கிளம்பும் முன், "ஹோடார்" என்ற ஒரே சொல்லை மட்டும் பேசும் ஹோடாரின் எபிசோடைப் போட்டேன். "ஹோல்ட் த டோர்" என்பது தேய்ந்து தேய்ந்து "ஹோடார்" ஆன அந்தக் கட்டத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது, முதல் முறையாக. அது மார்ட்டினே தயாரிப்பாளர்களிடம் சொல்லிவைத்த விஷயம் என்று பிறகு வெளியே வந்தது. இருபது வருஷமாக ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவன், அதன் அர்த்தத்தைத் திரையில்தான் சொன்னான், புத்தகத்தில் இன்னும் சொல்லவில்லை. (தமிழில் யாராவது இதை மொழிபெயர்க்கக் கிளம்பினால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுவார்களோ!)

அன்று அலுவலகத்தில் நாவல் படிக்காத ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றான். தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். இங்கேதான் முதல் முறையாக ஒத்துக்கொள்கிறேன்.

* * *

இதன் முன்கதைத் தொடரான ஹவுஸ் ஆஃப் த டிராகனையும் சேர்க்கலாமா? அதன் மூலநூல் நாவலே இல்லை, வரலாறு மாதிரி எழுதியது. ஒரே சம்பவத்தை ஒரு மதகுரு ஒரு விதமாகவும் மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளி இன்னொரு விதமாகவும் சொல்வார்கள், எது நிஜம் என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடர் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும், அது புரிகிறது. ஆனால் நூலில் ராணி ஹெலேனாவுக்கு இரண்டு மகன்கள். எவன் சாக வேண்டும் என்று தாயையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அவள் சின்னவனைச் சொல்ல, பெரியவனைக் கொன்றுவிட்டுப் போவார்கள். சின்னவன் மெய்லர் தொடரில் பிறக்கவே இல்லை. 2024-இல் மார்ட்டினே இதைப் பற்றி எழுதிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பதிவை எடுத்துவிட்டார். அதற்குள் படித்தவர்களில் நானும் ஒருவன்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஜெய்ன் பூல் பற்றி எழுதியவருக்கு ஒரு செய்தி இருக்கிறது.

என் தங்கை தொடரை ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. எப்படியோ இத்தனை வருஷம் தப்பிவிட்டாள். போன மாதம் முதல் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். நெட் சாகும் அத்தியாயத்துக்கு அவள் என்ன சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரி அழைப்பு வரவில்லை. அதற்கு முன்னாலேயே, நெட் சிறைக்குப் போன கையோடு, ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"அண்ணா, சான்ஸாவோடு ஒரே அறையில் அடைத்துவைத்திருந்தார்களே ஒரு பெண், ஜெய்ன். அவள் அழுகிறாள் என்று சான்ஸா போய் ராணியிடம் சொல்கிறாள். அந்த லிட்டில்ஃபிங்கர், அவளுக்கு ஒரு இடம் பார்க்கிறேன் என்கிறான். சான்ஸா திரும்பி வந்தால் ஆளைக் காணோம். எங்கே கூட்டிக்கொண்டு போனார்கள்? அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே?"

இரண்டு முறை படித்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை.

"சொல்வார்கள், படி," என்றேன். "அதற்கு இன்னும் நாலு புத்தகம் இருக்கிறது."