சாட்ஸ்வொர்த்தில் சின்ன பீர் ஆலை: கடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

குரோஃப்ட்டீன் பையன்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரன் நான். மூன்று வருஷமாக வீட்டு கராஜில் பீர் காய்ச்சுகிறேன், ஒரு தடவைக்கு 20 லிட்டர். ஏலக்காயும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டுச் செய்வதற்குத்தான் மவுசு அதிகம். போன மாசம் மச்சான் கல்யாணத்துக்கு 60 லிட்டர் கொண்டுபோனேன், சாப்பாட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. செலவுக்கு ஆகட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள்.

இதையே தொழிலாகச் செய்யலாம் என்று ஆசை. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பழைய டயர் கடை காலியாக இருக்கிறது. கட்டடக்காரர் ஐந்து வருஷ ஒப்பந்தம் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணுமாம். இரண்டு தெரு தள்ளி கோயில் இருக்கிறது, அது ஒரு பிரச்சினையா? பெயர்கூட வைத்தாயிற்று: ‘மயில்வேல்’. லேபிளில் தோகை விரித்த மயில். என்னென்ன லைசென்ஸ் வேண்டும், எதை முதலில் செய்யணும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மால்ட் மூட்டை:

தம்பி, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

டர்பனில் சின்ன ஆலை ஒன்றை ஆறு வருஷம் நடத்தினவன் சொல்கிறேன். நீ செய்யப்போகும் அதே தப்பை நானும் செய்தேன். இடம் அழகாக இருந்தது, தரையில் சாக்கடை வாட்டம்கூடச் சரியாக இருந்தது. போட்டேன் கையெழுத்து. லைசென்ஸ் கைக்கு வர பதினொரு மாசம் ஆனது. அதுவரை காலி டேங்குகளுக்கு மாசாமாசம் வாடகை கட்டினேன். சனிக்கிழமைதோறும் போய் அதுகளைத் துடைத்துவிட்டு வருவேன், வேறு வேலை?

லைசென்ஸ் உன் கையிலிருக்கும் ருசியைப் பார்த்து வருவதில்லை. ஆளை விசாரிப்பார்கள், அதோடு அந்த நாலு சுவரையும் பார்ப்பார்கள். வருஷத்துக்கு 10 கோடி லிட்டருக்கு மேல் காய்ச்சுகிறவர்கள்தான் 2003 மதுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதியணும். நீயும் நானும் மாகாண மது ஆணையத்திடம்தான் போகணும். கட்டட வரைபடம், நகராட்சி மண்டலச் சான்று (எந்த இடத்தில் என்ன தொழில் நடத்தலாம் என்பது) எல்லாம் கேட்பார்கள், அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம். அந்த இடத்தில் ஆலை நடத்த மண்டல விதி இடம் கொடுக்கிறதா என்று முதலில் நகராட்சியில் எழுத்தில் வாங்கு. கட்டடக்காரர் ‘இங்கே எல்லாம் நடக்கும்’ என்பார். என் ஆளும் அப்படித்தான் சொன்னார். ஒப்பந்தம் போட்டே ஆகணும் என்றால், ‘லைசென்ஸ் கிடைத்தால்தான் செல்லும்’ என்று ஒரு வரி எழுதச் சொல். மாட்டேன் என்றால் வேறு கடை பார்.

கல்யாணத்தில் காசு வாங்கினதை இனி வெளியில் சொல்லாதே. நீ குடிக்கக் காய்ச்சுவது வேறு, காசு கைமாறினால் அது விற்பனை.

அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் பீருக்குச் சின்ன ஆலையில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் போகும், பாதிக்கு மேல் கழுவுவதற்கே. கழுவின தண்ணீரில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் இருப்பதால் சாக்கடையில் விட நகராட்சியிடம் தொழில் கழிவுநீர் அனுமதி வாங்கணும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் முழு டேங்க் ஒன்று புளித்துப்போய்த் திறந்துவிட்டேன், தெருமுனை மூடி வழியாக நுரை பொங்கி வந்தது. அதைப் பார்க்க வந்த நகராட்சி ஆள் ஒரு மணி நேரம் போகவே இல்லை! தண்ணீர் வராத நாளையும் கணக்கில் வை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாசமானபோது அந்தப் பக்கத்தில் எத்தனை மாசம் லாரியில் தண்ணீர் பிடித்தார்கள் என்று உனக்கே தெரியும்.

கணக்கு அக்கா:

மூட்டை அண்ணா வரியை விட்டுவிட்டார். பெரும்பாலான சின்ன ஆலைகளுக்கு மூச்சு முட்டுவது அங்கேதான்.

சார்ஸ், அதாவது நம் வரித்துறை, கலால் வரியை லிட்டர் பீருக்குப் போடுவதில்லை, அதிலிருக்கும் சுத்த ஆல்கஹாலுக்குப் போடுகிறது. 2024 பட்ஜெட்டில் மால்ட் பீருக்கு லிட்டர் ஆல்கஹாலுக்கு 135.89 ராண்ட் என்று இருந்தது. உன் 20 லிட்டர் பீர் 5 சதவீதம் என்றால் அதில் சரியாக ஒரு லிட்டர் ஆல்கஹால். ஆக அந்தக் கணக்கில் ஒரு வாளிக்கு 135.89 ராண்ட் போய்விடும், 15 சதவீத வாட் தனி. பீர் உன் கிடங்கை விட்டுப் போகும்போதே கணக்கு விழுந்துவிடும். சரக்கை எடுத்த மதுக்கடைக்காரர் இரண்டு மாசம் கழித்துப் பணம் தருவார், சார்ஸ் அதுவரை காத்திருக்காது. மாகாண லைசென்ஸ் ஒன்று, சார்ஸிடம் உற்பத்திக் கிடங்கு லைசென்ஸ் இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றதும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

லேபிளில் எட்டில் ஒரு பங்கு இடத்தைச் சுகாதார எச்சரிக்கைக்கு விடணும், 2007இல் போட்ட விதி. மயில் தோகையைக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருக்கும்.

கோயில் வீட்டுக்காரன்:

தோகையைச் சுருக்குவதா? மயிலையே எடுத்துவிடு! காவடி நாளில் எங்கள் ஆயா முருகனின் வேலுக்கு முத்தமிட்டுக் கும்பிடுவார். அந்த வேலின் பெயரைப் பீர் பாட்டிலில் பார்த்தால் சும்மா இருப்பாரா? கோயில் கமிட்டி ஆட்சேபம் எழுதுவது இருக்கட்டும், 1993 வணிகக் குறிச் சட்டத்திலேயே ஒரு சாராரைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதியக்கூடாது என்று இருக்கிறது. பெயருக்குச் செலவழிக்கும் முன்னால் அதைப் படி. உனக்கு விரோதமாகச் சொல்லவில்லை. புரட்டாசி முடிந்ததும் முதல் பாட்டில் நான்தான் வாங்குவேன்.

குரோஃப்ட்டீன் பையன்:

எல்லாருக்கும் நன்றி. கட்டடக்காரரிடம் அந்த ஒரு வரியைக் கேட்டேன், ‘யோசிக்கிறேன்’ என்கிறார். ‘மயில்வேல்’ போச்சு, அம்மாவும் அதையேதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இடமே எடுக்காமல், லைசென்ஸ் உள்ள வேறு ஆலையில் காய்ச்சித் தரச் சொல்லித் தொடங்கலாமா?

மால்ட் மூட்டை:

தாராளமாக. நான் மறுபடி தொடங்கினால் அப்படித்தான் தொடங்குவேன். கலால் வரி, பதிவேடு எல்லாம் ஆலைக்காரர் தலையில், ரெசிப்பி உன்னுடையது. எழுத்தில் மட்டும் வாங்கிக்கொள், நாளைக்கு உன் ஏலக்காயை அவர் பெயரில் விற்கக்கூடாது. பீரை நீயே விற்கணும் என்றால் அதற்கு லைசென்ஸ் தனி, ஆனால் அது டயர் கடையைவிடச் சின்னத் தலைவலி.

குரோஃப்ட்டீன் பையன்:

சரி அண்ணா. உங்கள் பழைய டேங்க் ஏதாவது விற்கிறீர்களா?

மால்ட் மூட்டை:

2020, 2021இல் நாலு தடவை மது விற்பனைக்குத் தடை வந்ததே, அப்போது மூன்றை விற்றுவிட்டேன். 500 லிட்டர் டேங்க் ஒன்று மிச்சம். அண்ணி அதில் மழைத்தண்ணீர் பிடித்துவைத்திருக்கிறார். அவரிடம் நீயே கேள், எனக்குத் தைரியம் இல்லை.