மறு: எக்கலாஜிக்கல் ஃபேலசி – ‘திரள்வழு’ எனலாமா?

வணக்கம் ஐயா,

‘எக்கலாஜிக்கல் ஃபேலசி’ என்ற ஆய்வுப் பிழைக்குத் தமிழில் ‘சூழலியல் பொய்ம்மை’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே கொழிஞ்சாம்பாறையில் அப்படிச் சொன்னால் பேச்சு பக்கத்துப் பிளாச்சிமடையில் கோலா ஆலை உறிஞ்சிய தண்ணீருக்குத்தான் போகும். கூட்டத்தின் சராசரியைத் தனி ஆளின் தலையில் ஏற்றுவதல்லவா இந்தப் பிழை?

1950இல் சமூகவியலாளர் ராபின்சன் காட்டிய கணக்கைப் பாருங்கள். 1930 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த அமெரிக்க மாநிலங்களில் எழுத்தறியாதவர் குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால் தலைகீழ்: வெளிநாட்டில் பிறந்தவரிடையேதான் எழுத்தறியாதவர் சற்று அதிகம். வந்தவர்கள் பெரும்பாலும் படிப்பு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பண்பாட்டை அளக்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் ஐபிஎம் நிறுவன ஊழியர்களின் விடைகளை நாடுவாரியாகச் சராசரி எடுத்து, மேல்-கீழ் ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று காட்டும் ‘அதிகார இடைவெளி’ என்ற அளவை உண்டாக்கினார். இந்தியாவுக்கு 77, உயர்ந்த மதிப்புதான். மேலாளரிடம் மறுத்துப் பேச ஊழியர் அஞ்சுகிறார்களா என்பது அதன் மூன்று கேள்விகளில் ஒன்று. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் மூன்றின் விடைகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் அப்படி இல்லை. ஆகவே அது நாட்டை அளக்கும் கோல், ஆளை அளக்க உதவாது. போன வருடம் ஓர் ஆய்வு மாணவி அதே கேள்விகளோடு எங்கள் தென்னந்தோப்புகளுக்கு வந்து, வேலையாட்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போட்டுக்கொண்டு போனாள். அது ஏன் தவறு என்று அவளுக்கு ஒரே சொல்லில் சொல்ல எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

‘அவன் வந்தார்கள்’ என்றால் இலக்கணத்தில் பால்வழு. பலருக்கு உரியதை ஒருவன்மேல் ஏற்றிய வழு அது. இதுவும் அதே தடுமாற்றம்தானே? எனவே திரள்வழு.

> எனவே திரள்வழு.

அம்மா, சூழலியலை விட்டுவிடுகிறேன். பால்வழு ஒப்புமை மனதில் நின்றுவிட்டது. ஒரே தயக்கம்: கணினித் தமிழில் ‘வழு’ என்றால் மென்பொருள் பிழை. ‘திரள்மயக்கம்’ சரிவருமா?

> ‘திரள்மயக்கம்’ சரிவருமா?

வேண்டாம் ஐயா. ஒரு திணைக்கு உரியது இன்னொன்றில் கலந்து வரும் திணைமயக்கத்தைத் தொல்காப்பியமே ‘கடிநிலை இலவே’ (விலக்கத்தக்கதல்ல) என்று ஏற்கிறது. இது ஏற்கக்கூடாதது. மென்பொருளிலும் வழு என்றால் திருத்த வேண்டியதுதானே, பொருள் முட்டவில்லை.

இன்னொன்று பாக்கி. உளவியலாளர் ஷுவார்ட்ஸ் ஆளுக்கு 10 விழுமியங்கள், பண்பாட்டுக்கு வேறாக 7 நோக்குகள் என இரண்டு பட்டியல் வைத்தார். ஆளின் பட்டியலை அப்படியே சமூகத்தின்மேல் ஏற்றினால் எதிர்ப்பக்கப் பிழை. அதற்குத் ‘தனியாள்வழு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘தனிவழு’ என்று சுருக்கினால் ‘தனித்த வழு’ என்றும் படிக்கலாம். உங்களுக்கு எது படுகிறது?