பூச்சிமருந்து குடித்தவருக்கு வயிறு கழுவவில்லை, ஊசி மட்டும் போதுமா?

பெகுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று மதியம் மாமனார் வயலில் தாகத்துக்கு எடுத்துக் குடித்தது தண்ணீர் இல்லை, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்து. ஒரு வாய் உள்ளே போய்விட்டது, மீதி சட்டை, கைலி எல்லாம் சிந்திவிட்டது. வீட்டில் புளியைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி கடுகு மாதிரி சுருங்கிவிட்டது. வயிறு கழுவுவார்கள் என்று பார்த்தால் கழுவவில்லை, அட்ரோபின் ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நுரை நின்றுவிட்டது, ஆனால் ஆள் உளறுகிறார், ராத்திரி முழுக்கக் காற்றில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மருந்து அதிகமாகிவிட்டதா? ரங்கூனுக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். லேபிளில் குளோர்பைரிபாஸ் என்று போட்டிருக்கிறது.

மோல்மீன் நர்ஸ்:
தம்பி, முதலில் அந்தச் சட்டையும் கைலியும் எங்கே? வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் அத்தையைக் கையால் துவைக்க விடாதீர்கள், இது தோல் வழியாகவும் உள்ளே போகும். மாமா உடம்பையும் தலைமுடியையும் சோப்புப் போட்டுக் கழுவினார்களா என்று வார்டில் கேளுங்கள்.

வயிறு கழுவுவது குடித்த ஒரு மணி நேரத்துக்குள் என்றால்தான் யோசிப்பார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் குழாய் விட்டால் வருவது கொஞ்சம், நுரையீரலுக்குள் இறங்குகிற ஆபத்துதான் அதிகம். விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் கொடுப்பதும் அப்படித்தான், சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இந்த விஷம் நரம்புகளின் சேதிப்பொருளான அசிடைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. அசிடைல்கோலின் உடையாமல் தேங்கித் தேங்கி எச்சில், சளி, வியர்வை எல்லாம் கொட்டும், மனிதன் தன் சளியிலேயே மூழ்கிப்போவான். அட்ரோபின் விஷத்தை வெளியே எடுக்காது, அந்தத் தேக்கம் போய் முட்டுகிற கதவை அடைக்கும். அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போவார்கள், நெஞ்சில் களகள சத்தம் போய் நாடியும் பிரஷரும் ஏறும் வரைக்கும். அப்புறம் டிரிப்பில் மெதுவாக ஓடும்.

உளறலுக்கு வருகிறேன். நம் ஊமத்தையில் இருக்கும் சரக்குதான் அட்ரோபின். ஊமத்தங்காய் தின்றவன் எப்படி இருப்பான் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், மாமா நாற்றுப் பிடுங்குவது அதுதான். தோல் காய்ந்து காய்ச்சல் அடிக்கிறதா, சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், டிரிப்பைக் குறைப்பார்கள். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். குளோர்பைரிபாஸ் கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசிவது, நுரை மறுபடியும் வரலாம்.

ரங்கூன் பார்மசி:
அக்கா சொன்னதோடு ஒன்று. டயாலிசிஸ் ரத்தத்தில் சுற்றுகிற விஷத்துக்குத்தான். கள்ளச்சாராய மெத்தனால், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், ஆஸ்பிரின் என்றால் நானே வண்டி ஏற்றச் சொல்வேன். இது ரத்தத்தை விட்டுச் சதையிலும் கொழுப்பிலும் போய் உட்கார்ந்துவிட்டது, மிஷினுக்கு அகப்படாது. பிராலிடாக்சிம் என்று இன்னொரு மருந்து உண்டு, அந்த நொதியை மீட்கக் கொடுப்பது, ஆனால் ஆய்வுகளில் அதன் பலன் உறுதியாகவில்லை. அதைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம்.

தட்டோன் வாசி:
இனி யாரும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மருந்துகளை மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயில் கலந்து விற்கிறார்கள், வாந்தி வரும்போது அது நெஞ்சுக்குள் இறங்கும். என் தம்பிக்கு அப்படித்தான் நிமோனியா வந்தது. அவன் பிழைத்துவிட்டான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது மூன்றாம் நாள் கழுத்து துவண்டது, அப்புறம் மூச்சும். வென்டிலேட்டரில் பதினோரு நாள். முதல் நான்கு நாள் இந்த அபாயம் உண்டு என்று அப்புறம்தான் சொன்னார்கள். அந்த நேரத்தில் மாமாவை ரோட்டில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அடிக்கடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், முடியவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள்.

பெகுக்காரன்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. துணியைப் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டோம். சிறுநீர் கட்டித்தான் இருந்தது, டியூப் போட்டு டிரிப்பைக் குறைத்திருக்கிறார்கள். மச்சானிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன், வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் தலையைத் தூக்கச் சொன்னோம், தூக்கினார், எண்ணிப் பார்த்ததில் ஐந்து விநாடி. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் மச்சானும் மாறி மாறிப் பார்க்கப் போகிறோம்.