ஒக்கியம் மடுவு அருகே அடுக்ககம்: கோடையில் லாரித் தண்ணீர், மழையில் வெள்ளம். முதலில் எதைச் செய்வது?

கேள்வி: காரப்பாக்கம் குடியிருப்புச் சங்கச் செயலாளர்

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககம் சித்திரை, வைகாசியில் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையிலோ வண்டி நிறுத்துமிடத்தில் முழங்காலளவு தண்ணீர் தேங்குகிறது. மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் இருந்தும் நீர் இறங்குவதில்லை. தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் கோடையிலும் கறுப்பாகக் கழிவுநீர் ஓடி, பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. சங்கத்திடம் உள்ள சிறு தொகையைக் கொண்டு எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: கட்டடப் பொறியாளர்

முதலில் மொட்டைமாடித் தண்ணீரைச் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டிக்கு, கொண்டுவாருங்கள். ஆயிரம் சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் எட்டாயிரம் லிட்டராவது கிடைக்கும். ஏறத்தாழ ஒரு லாரித் தண்ணீர் அது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், மழை நாட்களில் லாரியை அழைக்கவே தேவை இருக்காது. பருவத்தின் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும், கூழாங்கல், மணல் நிரப்பிய ஒரு வடிகட்டித் தொட்டியும் போதும்.

2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது அவசரமாகத் தோண்டிய குழிகள் பலவற்றில் இன்று சேறுதான் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால், மேலே உள்ள மணலை வாரிக் கழுவிப் போடவேண்டும். திருவான்மியூர், நீலாங்கரை போன்ற மணற்பாங்கான இடங்களில் சாதாரணக் குழியே போதும். சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணில், அந்தக் களியைத் தாண்டி இறங்கும் உறிஞ்சு கிணறு வேண்டும். அங்கும் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்பதால் கிணறு அதிகம் வாங்காது. ஆகவேதான் சம்ப்பை முன்னால் வைக்கிறேன். வண்டி நிறுத்துமிடத்து எண்ணெய் கலந்த தண்ணீரைக் கிணற்றுக்குள் விடவே கூடாது.

பதில் 2: பள்ளிக்கரணைவாசி

தரையை மண் கொட்டி உயர்த்தும் யோசனை சங்கத்தில் கட்டாயம் வரும், தயவுசெய்து ஏற்காதீர்கள். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. இடையில் சதுப்பின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கிவிட்டன. எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீங்கள் உயர்த்தும் ஒவ்வோர் அடியும் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீரைத் தள்ளும்.

பதில் 3: கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணிபுரிபவர்

வடிகாலைப் பற்றிப் புகார் கொடுக்கும் முன் உங்கள் குழாயைச் சோதித்துவிடுங்கள். தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் வண்ணப்பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு, தெரு வடிகாலில் அந்த நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இணைப்பை முதலில் நீங்கள் மாற்றவேண்டும். வராவிட்டால், நேரமும் இடமும் தெரியும் படங்களுடன் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்து, குடிநீர் வாரியத்துக்கும் எழுதுங்கள். இரவில் கழிவுநீர் லாரிகள் கால்வாயில் திறந்துவிடுவதைக் கண்டால் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுக்ககத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்து, அது ஒழுங்காக ஓடினால், அந்த நீரைக் கழிப்பறைத் தொட்டிகளுக்கும் செடிகளுக்கும் தரலாம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019இல் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டு நகரத்து ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கக் கூடாது. கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. மிஞ்சும் அடர் உப்புநீரும் கடலுக்கே போகிறது. கையிலிருக்கும் நீரை இருமுறை பயன்படுத்துவதையே நான் முதல் வழியாகக் கருதுகிறேன்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. வண்ணப்பொடிச் சோதனையை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்கிறோம். சம்ப்பு இணைப்புக்கான மதிப்பீட்டைப் பொதுக்குழுவில் வைக்கிறேன். வடிகட்டித் தொட்டியை எவ்வளவு நாளுக்கொருமுறை கழுவவேண்டும்?

பதில் 1: கட்டடப் பொறியாளர்

புரட்டாசியில் ஒருமுறை கட்டாயம். பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மேல்மணலைப் பார்த்து, சேறு படிந்திருந்தால் உடனே கழுவுங்கள். மாடியில் துணி சோப்பும் பூச்சிமருந்தும் பயன்படுத்துவதையும் அந்த மாதங்களில் நிறுத்திவிட வேண்டும்.