இரண்டு வாளியோட ஆறிப்போற சுடுதண்ணி

மல்லாவியிலிருந்து:

அக்கா பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்தது மார்கழியில. மழையும் கூதலும். சுடுதண்ணி ஹீற்றர் 50 லீற்றர், ஆனா கலந்து இரண்டு வாளி பிடிக்க முதலே தண்ணி ஆறிப்போகும். பச்சை உடம்புக்காரிக்கு வாக்க அம்மா அடுப்பில பானை வைச்சவ. ஹீற்றரைப் பாக்க வந்தவர் "தண்ணியைச் சூடாக்கிற எலிமென்ற் போட்டுது, புதுசு வாங்குங்கோ" எண்டார். எனக்கு அது சரியாப் படேல்லை. முதல் வாற தண்ணி கை வைக்கேலாத சூடு. உள்ள இருக்கிறது ஒரே ஒரு எலிமென்ற். அது போனா எல்லாமே பச்சைத்தண்ணியாத்தான் வரவேணும்.

கணக்கும் பாத்தன். 65 பாகையில 50 லீற்றர், அதை 27 பாகைக் கிணத்துத் தண்ணியோட கலந்தா, 40 பாகையில 140 லீற்றருக்கு மேல வரும். நடைமுறையில 100 எண்டு வைச்சாலும் ஆறு வாளி. அப்ப தண்ணி சூடாகுது, ஆனா சூடு முழுசா வெளிய வரேல்லை.

சுவரில நிமிர்த்திப் பூட்டுற ஹீற்றருக்கு அடியில இரண்டு பைப் இருக்கும். நீல வளையம் பச்சைத்தண்ணி போற வழி, உள்ளுக்குக் கட்டையா அடியோட நிக்கும். சிவப்பு வளையம் சுடுதண்ணி வாற வழி, உள்ளுக்கு உச்சிவரை நீளும், ஏனெண்டா சூடான தண்ணி மேலதான் நிக்கும். எங்கடை வீட்டில தாங்கியிலயிருந்து வாற பச்சைத்தண்ணிப் பைப்பைச் சிவப்பிலயும் பாத்ரூம் பைப்பை நீலத்திலயும் பூட்டி விட்டிருந்தினம்! பச்சைத்தண்ணி உச்சியில விழுந்து எல்லாத்தையும் கலக்கிப்போடும். பிரேக்கரை இறக்கி, தண்ணியை வடிச்சு, பைப் இரண்டையும் மாத்தினதோட சரி. அழுத்தம் கூடினா திறக்கிற சேஃப்டி வால்வும் நீலப் பக்கம்தான் வரவேணும். இப்ப அக்காவுக்கும் பிள்ளைக்கும் தாராளமாக் காணும்.

கிளிநொச்சியிலிருந்து:

தங்கச்சி, எங்கடை வீட்டில தொடக்கத்திலயே வெதுவெதுப்புத்தான், சூடெண்டு ஒரு நாளும் வரேல்லை. ஹீற்றருக்குப் போற பச்சைத்தண்ணி வால்வைப் பூட்டிப்போட்டு பேசினில சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து பாத்தன். நிக்கவேணும், நிக்கேல்லை. அப்ப பச்சைத்தண்ணி வேற எங்கயோ இருந்து சுடுதண்ணி லைனுக்க வருகுது. பாத்தா ஷவர் மிக்சர், சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் கலந்து விடுறது. பிள்ளையள் இரண்டு பக்கத்தையும் திறந்தபடி விட்டிட்டு, கையில பிடிக்கிற ஷவரில இருக்கிற சுவிச்சை மட்டும் அமத்தி நிப்பாட்டுறவை. அப்ப பச்சைத்தண்ணி மிக்சருக்குள்ளால சுடுதண்ணி லைனுக்குப் போயிடும். மிக்சரைப் பூட்டினதும் பேசின் தண்ணியும் நிண்டுது. ஒரு சதம் செலவில்லை.

நெடுங்கேணியிலிருந்து:

கிளிநொச்சி அண்ணை சொன்ன சோதனையை எல்லாரும் முதல் செய்யுங்கோ. அதில பிழையில்லை எண்டா, எங்கடை பக்கத்துக் கிணத்துத் தண்ணியை யோசியுங்கோ. கேத்தலுக்க வெள்ளையாப் படியிறதுதான் ஹீற்றருக்குள்ளயும் படியுது. எங்கடையைக் கழட்டேக்க எலிமென்ற் கண்ணுக்கே தெரியேல்லை, கைமொத்தத்துக்குச் சுண்ணாம்பு. அடியில குருணியாக் கிடந்ததைக் கரண்டியால வழிச்சு எடுத்தம். அவ்வளவு இடத்தில தண்ணி நிக்கேலாது. அதோட எலிமென்ற் சூடு தண்ணிக்கு லேசாப் போய்ச் சேராமல் உள்ளயே நிண்டு எலிமென்றை எரிக்கும். சூடாகேக்க கடகடவெண்டு சத்தம் வந்தா அதுதான் அறிகுறி. நல்ல ஹீற்றர் எண்டா 1500 வாற்றில 50 லீற்றரும் ஒண்டரை மணித்தியாலத்தில சூடாகும், எங்கடைக்கு அதிலும் கனக்க எடுத்தது.

பக்கத்தில இருக்கிற மக்னீசியம் கம்பியையும் பாருங்கோ. அது கரைஞ்சு ஹீற்றர்த் தாங்கியைத் துருவிலயிருந்து காக்கிறது. எங்கடையில கம்பி மாதிரியே இல்லை, மாத்தினம். வருசத்துக்கொருக்கா கழட்டிக் கழுவினா இந்தப் பாடில்லை.

ஹீற்றரைத் திரும்பப் பூட்டின பிறகு உடனே கரண்ட் போடாதேங்கோ. சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து விட்டு, காத்தில்லாமல் தண்ணி ஒழுங்கா வரும்வரை நில்லுங்கோ. ஹீற்றர் நிரம்ப முதல் சுவிச் போட்டா புது எலிமென்றும் அந்த இடத்திலயே எரிஞ்சுபோகும்.