அகிலீஸ், பெட்ரோக்ளஸ் போல இன்னொரு காதல் கதை வேண்டும்

நண்பர்களே, ட்ராய் போரில் சண்டையிட்ட கிரேக்க வீரன் அகிலீஸ், அவன் தோழன் பெட்ரோக்ளஸ் இருவரின் காதலைச் சொல்லும் மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அகிலீஸ்’ (2011) நாவலைப் படித்து முடித்தேன். மனம் இன்னும் ஆறவில்லை. அந்தப் போரை ‘இலியட்’ காவியத்தில் பாடிய கிரேக்கக் கவி ஹோமர் இவர்களைக் காதலர்கள் என்று எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் பிளேட்டோ காலத்திலேயே அப்படிப் பேசியிருக்கிறார்கள். கதை சொல்பவனே பெட்ரோக்ளஸ் என்பதுதான் என்னை உலுக்கியது. ட்ராய் இளவரசன் ஹெக்டர் கையால் செத்த பிறகும் அவன் குரல் ஓயவில்லை!

இதே கனத்தோடு ஹெக்டர், அவன் மனைவி ஆண்ட்ரொமக்கி பற்றி நாவல் இருக்கிறதா? இலியட்டின் 6-ஆம் காண்டத்தில், கைக்குழந்தையோடு அவள் அவனைப் போருக்குப் போகவிடாமல் தடுக்கும் இடம் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். அப்புறம், இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் வரை போன பாடகன் ஆர்ஃபியஸின் கதையை அவள் பக்கமிருந்து சொன்னது இருந்தாலும் சரி. அதே ட்ராய் போர் பற்றிய பேட் பார்க்கரின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ வேண்டாம். நல்ல நாவல், ஆனால் காதல் கதை அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பு ஏதாவது தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.